வாய்தா

என் வேலை கதவு தட்டுவது.
நகராட்சி அங்கி, கையில் பட்டியல்,
ஒன்பது மணிக்குள் தெரு காலியாக வேண்டும்.
அடுப்பில் பிளம்ஸ் வேகிறது என்பார்கள்.
பூனையைக் கொண்டுவரலாமா என்பார்கள்.
போன நவம்பரிலும் நீதானே வந்தாய் என்பார்கள்.
ஆமாம், நானேதான்.
இந்த ஊர் நாய்கள்
தபால்காரனை விட்டுவிட்டு என்னைக் குரைக்கின்றன.

ஹாவெல் நதியோரத்து மணல் இது.
நாற்பத்தைந்து மார்ச்சில் வானிலிருந்து விழுந்ததெல்லாம்
விழுந்தவுடன் வெடிக்கவில்லை.
உடனே வெடிக்கக் கூடாதென்றே
சிலவற்றைச் செய்து அனுப்பியிருந்தார்கள்.
வாலில் ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் அசிட்டோன்,
நகச்சாயம் துடைக்கும் அதே திரவம்.
விழுகிற வேகத்தில் விசிறி சுழன்று குப்பியை நசுக்கும்.
சொட்டும். செல்லுலாய்டு வில்லை கரையும்.
ஊசி விடுபடும்.
வில்லை எவ்வளவு தடிமனோ அவ்வளவு மணிநேரம்.
ஆறு. முப்பத்தாறு. நூற்று நாற்பத்து நான்கு.

கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி
அந்த வில்லைகளைத் தடிமன்வாரியாகப் பிரித்து
டப்பாக்களில் போட்டிருப்பாள்.
அதற்குமுன் பொம்மைக்கும் சீப்புக்கும் போன தகடு.
மூன்று நாள் டப்பாவில் ஒன்றைப் போடும்போது
மூன்றாம் நாள் அங்கே யார் நிற்பார்கள் என்று
யோசித்தாளா, தெரியாது.
நான் யோசித்திருக்கிறேன்.
தீயணைக்க வந்தவன் நிற்பான்.
தண்டவாளம் செப்பனிட
துப்பாக்கிமுனையில் ஓட்டிவந்த கைதி நிற்பான்.

மணலுக்கு அடியில் கூழாங்கல் படுகை.
சில குண்டுகள் அதில் மோதித் திரும்பி
மூக்கை மேலே தூக்கியபடி நின்றுவிட்டன.
திரவம் வில்லையை விட்டு வழிந்துபோயிற்று.
வாய்தா.
தேதி குறிக்காத வாய்தா.

பொறுத்தார் பூமி ஆள்வாராம்.
இதுவும் பொறுத்தது.
கீஸ்லிங் வீட்டுக் கொட்டகைக்கு நாலரை மீட்டர் கீழே
எழுபத்துநான்கு வருடம் ஆண்டது.
மேலே தக்காளி போட்டார்கள்.
ஊஞ்சல் கட்டினார்கள், பிள்ளைகள் உந்தி உந்தி ஆடினார்கள்.
கிழக்கு ஜெர்மனி என்றொரு தேசம்
அதன்மேல் வந்து, இருந்து, போனது.
இனி அசிட்டோனும் தேவையில்லை.
வயதானால் செல்லுலாய்டு தானே நொறுங்கும்.

ராடெமாகர் குழிக்குள் இறங்குமுன்
கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தருவார்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
இன்றும் தந்தார்.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பட்டாணி சூப்.
யாரோ சீட்டுக்கட்டு கொண்டுவந்திருக்கிறார்கள்.
எடெல்ட்ரௌட் கீஸ்லிங் மட்டும்
ரப்பர் மெத்தையில், கோட்டைக் கழற்றாமல்.
சூப் வேண்டுமா என்று கேட்டேன்.
"அன்றைக்கும் சங்கு ஊதினார்கள்," என்றாள்,
"ஆபத்து நீங்கியதென்று.
அம்மா கதவைத் திறந்துவிட்டாள்.
எக்கார்ட் மூன்றாம் நாள்தான் போனான்,
முயலுக்குப் புல் பறிக்க.
வெயில் நல்லா இருந்தது."
பிறகு, "உப்பு அதிகமா?" என்று
சூப்பைப் பற்றிக் கேட்டாள்.

நாலு இருபதுக்கு ராடெமாகர் படம் அனுப்பினார்.
அவர் உள்ளங்கையில்
நகத்தளவு மஞ்சள் வில்லை.
விளிம்பு கரைந்து, நடுவில் கீறலோடு.
கீழே ஒரு வார்த்தை: எடுத்தாச்சு.

சங்கு ஊதியது.
கைதட்டினார்கள். பூனைக்கூண்டுகளைத் தூக்கினார்கள்.
ஐந்து நிமிடத்தில் கூடம் காலி.
அவள் எழவில்லை.
"உங்கள் வரைபடத்தில் இன்னும் எத்தனை இருக்கு?"

எண் எனக்குத் தெரியும்.
மெத்தையின் மறுமுனையில் உட்கார்ந்தேன்.
கூடத்தைப் பூட்டும் சாவி என்னிடம்.
அவருடைய கடிகாரம்
இன்னும் என் சட்டைப்பையில்
ஓடிக்கொண்டிருந்தது.