ஆணிப்பலகை

பாகம் பிரித்த அன்று
கொழுந்தனுக்கு மொபெட், எங்களுக்குத் தார்ப்பாய்.
பாரூர் ஏரிக்கரை ஈச்ச மரங்களில்
மதகுக்கு வடக்கே அவர்களுக்கு,
தெற்கே எங்களுக்கு.
வரவேண்டிய கடனைக்கூடப்
பேர் பேராக எழுதிப் பிரித்தாயிற்று.
மிஞ்சியது ஆணிப்பலகை.

வேப்பம்பலகை, நாற்பத்தொரு ஆணி.
காய்ந்த ஓலையை அதில் அறைந்து இழுத்தால்
நார்நாராகக் கிழியும்.
புதுசு அடிக்க முந்நூறு ரூபாய்கூட ஆகாது.
ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு
"சீமாத்தாலயே அடிப்பேன்" என்றார்கள் இருவரும்.
சுற்றிலும் இருநூறு சீமாறு கிடந்தது.
ஒன்றையும் யாரும் தொடவில்லை.
விற்கிற சரக்கு.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தீர்ப்பானது.
அண்ணன் தம்பிக்குப் பேச்சில்லை;
பலகை மட்டும்
வேலிப் பொத்தல் வழியே போய் வருகிறது.
தருவது என் ஓரகத்தி சாலம்மா, வாங்குவது நான்.
முதல் வாரம் அவள் குப்பையோடு கொடுத்தாள்,
நான் ஈரத்தோடு கொடுத்தேன்.
இப்போதெல்லாம்
ஆணி இடுக்கில் ஒரு பிசிறு இருக்காது.

ஞாயிறு, போச்சம்பள்ளிச் சந்தை.
அவள் கட்டு நீல ஒயர், என் கட்டு சிவப்பு.
நடுவில் பூண்டுக்காரர்.
என் சீமாறால் மண்ணைப் பெருக்கிப் பார்த்தபடி
"அங்க முப்பதுக்கே குடுக்கறாங்க" என்றாள் ஒருத்தி.
"அங்கயே வாங்கிக்கங்க."
போனாள்.
திரும்பி வந்தாள்.
நாற்பதுக்குக் கீழே சாலம்மாவும் இறங்கமாட்டாள்.
போன மாதம் பலகையின் அடியில்
கரியால் 40 என்று எழுதியிருந்தது.
கீழே ஒரு கோடு இழுத்து அனுப்பியிருந்தேன்.

"அவங்களுக்கு எவ்ளோ போச்சு?"
ராத்திரி கேட்டார் என் வீட்டுக்காரர்.
"யாருக்குத் தெரியும், அந்தப் பக்கமே திரும்பல."
அவள் மோர் குடிக்கப் போன நேரத்தில்
நீலக்கட்டு எட்டு நான் விற்றதைச் சொல்லவில்லை.
முந்நூற்றி இருபதைப்
பூண்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பியதையும்.

இன்று பலகை என் முறை.
திருப்பிப் பார்த்தேன்.
40 அழிந்து 45.
மாங்காய் சீசன் வருகிறது,
கூழ் ஃபாக்டரிக்காரர்கள் கட்டுக்கட்டாக எடுப்பார்கள்,
அவள் கணக்கு அது.
எனக்கென்னவோ நாற்பத்திரண்டே தாங்கும் என்று படுகிறது.
வேலிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிகிறது.
கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.