சூடான எஞ்சின்

குகையில் பழைய வண்டி வாங்கி விற்பவன் நான்.
ஆள் வரும் முன்னே ஒருமுறை ஓடவிட்டு
எஞ்சினைச் சூடாக்கி வைக்கத் தெரியும்.
அதனால்தான்
நாகலூரில் அமலதாஸ் வீட்டுக் குட்டிகள்
குளித்துப் பவுடர் மணத்தோடு வந்து நின்றபோது
உள்ளே ஏதோ ஒன்று
'பாத்து' என்றது.

ஐந்து குட்டிகள். ராஜபாளையம்.
பால் நிறம், ரோஜா மூக்கு.
இருபது கொண்டை ஊசி வளைவும் வாந்தி எடுத்து வந்த மகள்
வாசலிலேயே ஒன்றைத் தூக்கிவிட்டாள்.
வாங்கி, உதட்டைப் பிதுக்கினேன்.
ஈறு ரத்தமாய் இருக்கிறது, சரி.
வயிறு பானை மாதிரி; பூச்சி.
தொப்புளில் சுண்டைக்காய் அளவு புடைப்பு.
"வளர வளர உள்ள போயிடும்ணே."
ஆயில் கசிவுக்கு நான் சொல்வதும் இதேதான்:
ஓட ஓட நின்னுடும்.

ஆர்.சி. புக்கைப் பார்ப்பதுபோல்
தடுப்பூசி அட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன்.
மூன்று வார இடைவெளியில் இரண்டு தேதி,
ஒரே பேனா, ஒரே சாய்வு.
தாய் எங்கே என்றேன்.
எஸ்டேட் பக்கம் போயிருக்கு என்றான்.
கொட்டகைக்குப் பின்னால்
சிமெண்டில் ஒரு சங்கிலி இழுபட்டது.
அவன் இருமினான்.
நானும் கேட்காத மாதிரி இருந்தேன்.
பேரத்துக்கு உதவும்.

குட்டிகள் தட்டில் முகம் புதைத்திருக்கையில்
பின்னால் நின்று
சாவிக்கொத்தைக் கீழே போட்டேன்.
நான்கு தலைகள் நிமிர்ந்தன.
மகள் தூக்கிய குட்டி மட்டும்
வால் நுனி ஆடத் தின்றுகொண்டே இருந்தது.
மறுபடி போட்டேன்.
"பசி, அதான்" என்ற அமலதாஸ்
அதன் கழுத்தில் மெல்ல விரல் வைத்தான்.
உடனே திரும்பி
அவன் கட்டைவிரலை நக்கியது.
அப்படித்தான் அதைக் கூப்பிடுவான் போல,
முதல் நாளிலிருந்தே.

நிமிர்ந்த நான்கில் ஒல்லியான பெட்டையை எடுத்தோம்.
ஆயிரம் குறைத்தான்.
இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஹாரன் அடித்தது.
ஒவ்வொரு ஹாரனுக்கும்
மகள் என்னைப் பார்த்தாள்.
அஸ்தம்பட்டி டாக்டர் ஸ்டெத்தை வைத்து
நெடுநேரம் கேட்டுவிட்டு
சுத்தம் என்றார். மகள்
அவரையும் பார்த்தாள்.

மறுநாள் கடைக்கு
ஜாகீர் அம்மாபாளையத்துப் பையன் ஒருவன் வந்தான்.
எஞ்சின் பக்கம் கை காட்டி
"அனல் அடிக்குதேண்ணே" என்றான்.
"இப்பத்தான் டீக்குப் போய்ட்டு வந்தேன்."
மேசைக்கு அடியில் தூங்கிய குட்டி
ஒரு காதை மட்டும்
தூக்கியது.