உள்ளிருந்து

பின் கதவின் விளிம்பில்,
மூடினால் மறைந்துபோகும் இடத்தில்,
நகக்கண் அளவு ஒரு கறுப்பு நெம்பு.
பக்கத்தில் அச்சடித்த குழந்தை அழிந்து
தலை மட்டும் பாக்கி.
கீழே தள்ளினால் பூட்டு.
அப்புறம் அந்தக் கதவு
வெளியே நிற்கிறவன் பேச்சைத்தான் கேட்கும்.

நான்தான் தள்ளினேன், இரண்டு பக்கமும்.
போன சித்திரையில் அழகர்கோவில் சவாரி.
கடச்சனேந்தல் தாண்டும்போது
மூன்று வயசுப் பயல் கைப்பிடியை இழுத்தான்,
திறந்துகொண்டது.
அவன் சட்டை அம்மா கையில் சிக்கியது.
பின்னால் வந்த பால்காரர் கேனோடு சரிந்தார்.
தார்ரோட்டில் முப்பது லிட்டர் வெள்ளை.
அன்று ராத்திரியே பூட்டினேன்,
பூட்டியதை மறந்தேன்.

மறக்க வசதியாகவும் இருந்தது.
இறங்கும் இடத்தில் நானே ஓடிப்போய்த் திறந்துவிடுவேன்.
மரியாதை தெரிஞ்ச டிரைவர் என்பார்கள்.
ஐந்து நட்சத்திரம்.

மாட்டுத்தாவணி, ராத்திரி இரண்டே முக்கால்.
தஞ்சாவூர் பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்
திருமங்கலம் போகணும் என்றாள்.
பாண்டி கோயில் தாண்டி, விரகனூர் தாண்டி
ரிங் ரோட்டில் லாரிகள் மட்டும்.
கண் செருகியது. ஓரங்கட்டி
முகம் கழுவ பாட்டிலைத் துழாவினேன்.

பின்னால் டொக்.
மறுபடி டொக்.
கைப்பிடி வருகிறது, கதவு வரவில்லை.
கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தேன்.
அந்த முகம் பார்த்துக்கொண்டிருந்தது என்னை.
பதினாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன்
முதல் தடவையாக நான் யாராக இருக்கலாம் என்று
எனக்குத் தெரிந்தது.

யாரும் எடுக்காத போனில்
"ஆமாண்ணே, வண்டி நம்பர் அனுப்பிட்டேன், பிரிசில்லாதான் பேசறேன்"
என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியை இறக்கினாள்.
கையை வெளியே விட்டு வெளிக் கைப்பிடியைத் தேடினாள்.
வளையல் தகரத்தில் உரசியது.
திறந்து இறங்கிப் பத்தடி தள்ளி நின்றாள்,
பையை நெஞ்சோடு அணைத்து.

"அது சைல்டு லாக்கும்மா."
எனக்கே பொய்யாகக் கேட்டது.
டார்ச் போட்ட போனை ரோட்டில் வைத்துவிட்டு
மைல்கல் வரைக்கும் பின்வாங்கினேன்:
நீங்களே பாருங்க.

வந்தாள். குனிந்தாள். தள்ளினாள்.
நகரவில்லை.
ஒரு வருஷத்து மேலூர்க் கல்தூசி.
நான் எறிந்த சாவியின் முனை வழுக்கியது.
தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி
இடுக்கில் விட்டுச் சுரண்டினாள்,
பைக்குள் இருந்த தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு.
கிறுக்.
ஏறி உட்கார்ந்து மூடினாள், திறந்தாள்.
மூடினாள், திறந்தாள்.
நாலாவது தடவைக்கு அப்புறம்தான்
"போலாம்" என்றாள்.

வலப்பக்கத்தையும் எடுத்துவிடவா என்றேன்.
"அது ரோட்டுப் பக்கம்ல. இருக்கட்டும்."

அன்றைக்கு நட்சத்திரம் எதுவும் வரவில்லை.

திரும்பும்போது கப்பலூர் டீக்கடை ஓரம் நிறுத்தி
இஞ்சினை அணைத்து, சாவியை முன்னால் விட்டு,
இடப்பக்க நெம்பைக் கீழே தள்ளி
பின் சீட்டில் ஏறி மூடிக்கொண்டேன்.
இழுத்தேன்.
ஆடுகிற பல் மாதிரி வந்தது கைப்பிடி.
அவ்வளவுதான்.
கண்ணாடி இறங்காது, சாவி முன்னால்.
முன் சீட்டுக்குத் தாவ தொந்தி விடவில்லை.
இரண்டு தடவை தாழ்வாக, பிறகு பலமாகத்
தட்டினேன்.

டீ மாஸ்டர் ஒச்சப்பன் நிமிர்ந்தார்.
கை காட்டினேன்.
புரிந்த மாதிரி தலையாட்டி
ஒரு கிளாஸ் ஸ்ட்ராங் டீ போட்டு எடுத்து வந்து
மூடிய கண்ணாடிக்கு வெளியே
நீட்டிக்கொண்டு நின்றார்.
ஆவி படிந்து
அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.