முப்பது மடங்கு

ஜவ்பர் கட்டாரில் இருந்து கொண்டுவந்தது மூன்று.
சட்டைப்பைக்குள் அடங்கும்,
அழுத்தினால் மூக்கு நீளும்.
ஒன்று அவனுக்கு, ஒன்று வத்சலகுமாரி மிஸ்ஸுக்கு,
ஒன்று எனக்கு, தவணையில்.

ஜவ்பர் அதில் பிறை பார்த்தான்.
அக்கரைப்பற்று, மொட்டைமாடி, மேற்கே வயல்வெளி.
தண்ணீர்த் தாங்கியில் முழங்கை ஊன்றி
மூச்சைப் பிடித்து
நகத்துண்டு போல ஒன்றை இழுத்தெடுத்து
பள்ளிக்கு ஓடினான்.
"கண்ணால கண்டயா, பொட்டியால கண்டயா?"
என்றார்களாம்.
அன்றிலிருந்து அந்தக் கமராவில் அவனுக்கு ஒரே குறை:
அது காணும்,
சாட்சிக்கு ஏறாது.

மிஸ்ஸின் கதை வேறு.
தம்பிலுவில், இல்ல விளையாட்டுப் போட்டி, நூறு மீற்றர்.
அவ அழுத்தியது ஒரு கணம்,
அது கண் விழித்தது மறு கணம்.
முதலாவதாய் வந்த பிள்ளை படத்தில் இல்லை.
அறுந்த நாடா காற்றில் நிற்கிறது,
பின்னால் வாய் பிளந்தபடி நாலாவதாய் வந்தவள்.
ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டா.
"பட்டரி மட்டும் ரெண்டு வச்சிக்கொள்ளுங்க" என்பா,
வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும் அதே குரலில்.

நான் பயிர்க் காப்புறுதிக்காரன்.
எனக்கு வாய்த்தது யானை.

சாகாமத்துக்கு மேற்கே வட்டை. குடலைப் பருவம்.
சிந்தாத்துரையின் நாலு ஏக்கர்
இரவில் ஆரோ உழவு மிசின் விட்டதுபோல் கிடந்தது.
சுவடெல்லாம் தண்ணீர் நிரம்பிய வட்டக் கிண்ணங்கள்.
அலுவலகத்துக்கு அது போதாது,
யானையோடு படம் வேணும்.
நாங்கள் நின்ற மேட்டு வரம்பில் இருந்து
வாடி எங்கோ,
வாடிக்கும் அங்கால் அரைக் கட்டை தள்ளி, காட்டோரம்,
புளியங்கொட்டை அளவில் அது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட இழு மனே" என்றார்.
இழுத்தேன்.
வேலிக்கம்பி, வாடிக் கூரை, யானை,
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டன.
இடையில் கிடந்த வெளியைக் கமரா
சால்வையாய் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டது.
படத்தில் யானை
கூரையில் துதிக்கையைப் போட்டபடி நின்றது.

நான் ஒன்றையும் மாற்றவில்லை.
முப்பது மடங்கு என்று எழுத
படிவத்தில் கட்டமும் இல்லை.
காசு வர அடுத்த போகம் ஆயிற்று.
ஒரு முட்டி எருமைத் தயிர் கொண்டுவந்து வைத்தார்.
வாங்கினேன். கொஞ்சம் புளிப்பு.

மறுகா, அடுத்த மாரி.
அதே வாடிப் பக்கம் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தோம்.
பின்னேரம் ஐந்தரை.
சிந்தாத்துரை பேச்சை நிறுத்தினார்.
நிறுத்திய விதத்திலேயே விளங்கிற்று.

திரும்பினால்
படத்தில் நின்ற அதே இடம்,
அதே கூரை,
அதே துதிக்கை.

கை தானாய் அழுத்தியது.
மூக்கு முழுதாய் நீண்டு, நீண்டபடி இறுகிற்று,
எங்கோ பல்லிடுக்கில் ஒரு மணல்.
உள்ளே போகவும் இல்லை, தெளியவும் இல்லை.
திரை முழுக்கச் சாம்பல்.
நடுவில் வளைந்த ஒரு மயிர்,
அதனுடையதோ, என் இமையோ.

யானை வெடி நனைந்திருந்தது.
வரம்பால் ஓடினோம்,
அவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்து,
நான் மூக்கு நீண்ட கமராவைத் தூக்கிப் பிடித்து.

வாடி போயிற்று.
விதைநெல் பதினொரு மூடை போயிற்று.

ஜவ்பர் சைக்கிள் பம்பால் மணலை ஊதிப் பார்த்தான்.
படத்தையும் பார்த்தான், நெடுநேரம்.
"பிறையா மச்சான்?" என்றான்.

வேறு படம் இல்லை. அதையே அனுப்பினேன்.
மூன்றாம் மாதம் வந்தது பதில், சிவப்பு மையில்:
தெளிவில்லை.
உரிய தூரத்தில் நின்று
மீண்டும் எடுத்து அனுப்பவும்.