பத்தாவது தோட்டா

ஆயுதப்படைக் கிடங்கில்
கையெழுத்து வாங்கிக்கொண்டு எண்ணித் தருவார்கள்.
பதிவேட்டில் பத்து என்றுதான் இருக்கும்.
எது எங்கே படுத்திருக்கிறது என்று எழுத
அதில் கட்டம் கிடையாது.

பத்தும் மேகசினிலா,
ஒன்பது அதிலும் ஒன்று சேம்பரிலுமா
என்பது எனக்கும் என் இடுப்புக்கும் நடுவில்.
புதூர் தையல்காரர்
சுடிதாரின் வலப்பக்கத் திறப்பை
நாலு விரற்கடை உயர்த்தித் தந்தார்.
எதற்கென்று கேட்கவில்லை.

நான் காவல் போவது திலகத்துக்கு.
மேலூர்ப் பக்கம் வி.ஏ.ஓ.
கண்மாய்க்குள் குவாரி எத்தனை அடி இறங்கியது என்று
அளந்ததை அளந்தபடி எழுதியவர்.
அதற்கு அவருக்குக் கிடைத்தது
மூன்று மொட்டைக் கடுதாசி,
அப்புறம் நான்.

காசிமாயன் என் செட்டு.
'அருவா ஓங்குனவன்
நீ ஸ்லைடு இழுக்குற வரைக்கும்
மூச்சப் புடிச்சுக்கிட்டு நிப்பானாக்கும்?' என்பான்.
அவன் தொடையில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தழும்பு.
அருவாள் பட்டதில்லை,
பைக்கில் உட்காரும்போது அவனுடையதே வெடித்தது.
இன்றும் ஏற்றித்தான் வைத்திருக்கிறான்.
மற்றக் கால் பக்கம்.

ஒத்தக்கடை தாண்டும்வரை
பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
யானைமலை ஜன்னல் ஜன்னலாக நகரும்.
யாரோ மடியில் வைத்திருந்த பிள்ளை
என் உறையின் பட்டனைப்
பால்புட்டி மூடி மாதிரித் திருகியது.
அன்றைக்கு மேகசினில் பத்து.
அதற்கப்புறம் பஸ் நாளில் பத்து,
வாய்தா நாளில் ஒன்பதும் ஒன்றும் என
நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

சட்டம் போட்டால் போதுமா,
கிழமை நினைவிருக்க வேண்டாமா.

வாய்தா தள்ளிப்போன ஒரு புதன்கிழமை
ஆபீஸ் வாசலில் ஒருவர் ஓடி வந்தார்,
வலக்கை வேட்டி மடிப்புக்குள்.
திலகத்தின் முன்னால் நான் போனதும்
என் கை போனதும்
எது முன்னே என்று தெரியவில்லை.
பெருவிரல் மட்டும் தனியாகக் கேட்டது:
இருக்கா, இல்லையா?
மடிப்பிலிருந்து வந்தது
வேர்வையில் நனைந்த பட்டா மாறுதல் மனு.
'ஒரே ஒரு கையெழுத்தும்மா,
மூணு மாசமா அலையிறேன்.'

கையெழுத்தானதும் எனக்கும் சேர்த்து டீ வாங்கினார்.
எறும்பு ஓடிய கிளாஸ். குடித்தேன்.

பின்பக்கக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டு
ஸ்லைடை இழுத்தேன்.
மஞ்சளாக ஒன்று துள்ளிச்
சிமெண்டுத் தரையில் உருண்டு
வாளிக்குப் பின்னால் போய் நின்றது.

இருந்திருக்கிறது.

குனிந்து எடுத்துக் கழுவித் துடைத்தேன்.
கையில் வைத்துக்கொண்டே நின்றேன்,
வெளியே யாரோ கதவைத் தட்டும்வரை.
எங்கே போட்டேன் என்பதை
இங்கேயும் எழுதப் போவதில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது
திலகம் முதல்முறையாகக் கேட்டார்:
'நெசமாவே சுடுமா இது?'
சுடும்.
'உடனேவா?'

திருப்பத்தூர் வண்டி ஹாரன் அடித்தது.
காதில் விழாத மாதிரி
நான் முன்படியில் ஏறி
அவருக்கு இடம் பார்த்தேன்.