இடது கால் சிவப்பு

காலை ஏழு நாற்பதுக்கு
அவன் செத்துப்போனான் என்றது கைப்பேசி.
அவன் ஊரில் அப்போது முந்தின நாள் சாயங்காலமாம்.
நேற்றே செத்தவனுக்கு
இன்றைக்குத்தான் எனக்குச் சேதி,
நாசி லெமாக் பொட்டலத்தைப் பாதி பிரித்தபடி
பசியாறிக்கொண்டிருக்கையில்.

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலை.
எடைப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
இருபத்தாறு வருஷமாய் இதுதான் வேலை:
லோரி ஏறும்போது ஒரு எண்,
குலையைக் கொட்டிவிட்டு வெறுமனே வரும்போது இன்னொன்று.
முன்னதில் பின்னதைக் கழித்தால்
மிஞ்சுவது பழம்.

அவன் பெயரை இங்கே எவரும் ஒழுங்காய்ச் சொன்னதில்லை.
ஆ ஹோக் கேசட் கடையில்
'செவப்புக் காலு' என்று கேட்டால் எடுத்துத் தருவான்.
இடது காலில் மட்டும் சிவப்பு பூட்ஸ் போட்டு
மேடையைக் கலக்குவான் அவன்.
வலது கால்
பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்ததுபோல்
ஓரமாய் நிற்கும்.

எண்பத்து நாலில் எனக்குப் பதினஞ்சு.
அம்மா பால்வெட்டுக்குப் போகும் சப்பாத்தில்
இடதை மட்டும் எடுத்து
டிராக்டர் கொட்டகையில் மிஞ்சிக் கிடந்த சாயம் அடித்தேன்.
தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி,
திடலில் படம் போடுமுன்,
ஜெனரேட்டர் புகைக்குள் ஆடினேன்.
பெரிய சப்பாத்து; ரெண்டு தரம் கழன்று ஓடியது.
விசில் பறந்தது.
மண்டோர் வீட்டு மருதாயி காறித் துப்பினாள்.

விடிந்து பிரட்டுக்கு நின்றபோது
அம்மாவுக்கு ரெண்டு நிறத்தில் கால்.
கிராணி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.
ஒட்டுப்பால் வாடையோடு விழுந்த அடியை
முதுகு எப்போதோ மறந்தது.
ஆனால் அந்தச் சப்பாத்தை
அவள் இன்னும் மூன்று வருஷம் போட்டாள்,
சாயமெல்லாம் உரிந்து
கணுக்கால் மடிப்பில் ஒரு கோடு மிஞ்சும் வரை.
புதுசு வாங்கக் காசில்லை என்றுதான்
நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டின் நடுவில் ஒரு வரி வரும்.
என் காதில் அது, 'ஏணிமேல யாருடீ'.
நாற்பது வருஷம் அப்படித்தான் பாடினேன்,
துணி துவைக்கையில்,
யோகமலரைத் தூங்கவைக்கையில்,
அவர் போன அன்று
அடுப்படியில் நின்று வாய்க்குள்ளேயே.
இன்றைக்குக் கைப்பேசியில்
முழுப்பாட்டையும் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.
ஏணியும் இல்லை, டீயும் இல்லை.
யாரோ யாரையோ வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள்.
படித்துவிட்டு அணைத்தேன்.

ஒன்பதரைக்கு ரஃபிக்குல் லோரி ஏறியது.
கண்ணாடி இறங்கியிருந்தது; உள்ளே அதே பாட்டு.
'அக்கா, அவன் செத்துட்டான்' என்றான் மலாயில்.
பொரிசால் படகுத்துறையில் முதன்முதல் கேட்டானாம்.
அவன் காதில் அந்த வரி
அவன் மாமாவின் படகுப் பெயர்.
நான் ஏணியைச் சொன்னேன்.
சிரித்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம்.
இது எங்களுக்குச் சாவு வீடு என்று
பின்னால் நின்ற லோரிக்காரனுக்கு எப்படித் தெரியும்,
ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

மத்தியானம் மழை. லோரி வரத்து நின்றது.
குடை எடுக்காமல் பாலத்தின்மேல் போய் நின்றேன்.
கூண்டுக்குள் எண் எரிந்தது: அறுபது.
இந்த எந்திரம் இருபதின் மடங்கில்தான் பேசும்.
அதற்குக் குறைவான எதுவும்
அதன் கணக்கில் சேராது.

இடது காலை ஓங்கி வைத்தேன்.
எண்பது.
எடுத்தேன். நாற்பது.
வைத்தேன்.
முட்டி வலித்தது, இடது இல்லை, வலது.
ஓரமாய் நிற்பதாய் நான் நினைத்திருந்த கால்தான்
அவனையும் தாங்கியிருக்கும் போல.
எண்பது, நாற்பது, எண்பது, அறுபது.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
எழுதிக்கொள்ள ஆள் இல்லை.

சாலையில் லோரிச் சத்தம்.
இறங்கி உள்ளே ஓடினேன்.
பாலம் காலி.
எண் மட்டும் பூஜ்யத்துக்கு இறங்காமல்
இருபதில் நின்றுகொண்டிருந்தது.

மழைத்தண்ணி என்று
பில் புத்தகத்தில் எழுதிக்
கழித்தேன்.