இரண்டே கால் இரவு

மாசம் பிறந்தால் போனில் ஒரு கணக்கு வரும்:
உங்கள் அறையில் விருந்தினர் சராசரியாகத் தங்குவது
இரண்டே கால் இரவு.

"மூணாக்கினா தேவலை சித்தி" என்கிறான் டைட்டஸ்.
அறையை அதில் ஏற்றியவன் அவன்தான்.
படம் பிடித்த அன்று மட்டும்
ஜன்னலுக்கு வெளியே கண்டெய்னர் லாரி இல்லை.
அந்தக் கால் இரவைத் தங்கினது யாருடா என்றேன்.
அது சும்மா கணக்கு என்றான்.

ராயபுரத்துக்கு யார் ஊர் சுற்ற வருகிறார்கள்?
எம்.சி. ரோட்டில் முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள்
ஓர் இரவு.
கட்டில் முழுக்கப் புடவை, ஆட்கள் தரையில்.
அவர்கள் விட்டுப்போன குண்டூசியை
மறுநாள் என் குதிகால் கண்டுபிடிக்கும்.

கப்பல் ஏற வருகிற பையன்களுக்கு
ஏஜெண்ட் சொல்வது இரண்டு நாள்.
கப்பலோ வெளியே நங்கூரத்தில் நிற்கும்,
நாலு, அஞ்சு, ஆறு என்று.
மொட்டைமாடியில் நின்று கடலில் தெரிகிற விளக்குகளைக் காட்டி
நம்மளுது அது, இல்லை இது என்று சண்டை.
துவைத்தது காய்வதற்குள் அழைப்பு வந்து
ஈரச் சட்டையோடு ஒருவன் ஓமனுக்குப் போனான்.

ஏழு இரவுக்குப் பணம் கட்டிய ஒரு ஜோடி
காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பிய
முதல் ராத்திரியே கிளம்பிவிட்டது.
ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள்.
ஐம்பத்தாறு வருஷமாய் இதைத்தான் சுவாசிக்கிறேன்,
என்னிடம் யாரும் நட்சத்திரம் கேட்டதில்லை.

ஆனியில் வந்தாள் சூளூர்ப்பேட்டை ரமணம்மா.
மகன் ஐதராபாத்திலிருந்து இரண்டு இரவு பதிந்திருந்தான்.
ஸ்டான்லியில் புருஷனுக்குச் சர்க்கரைப் புண்;
சுண்டுவிரல் மட்டும் எடுப்பதாகப் பேச்சு.

மூன்றாம் நாள், காலி செய்கிற பதினோரு மணிக்கு,
பையும் தூக்குமாய்ப் படியில் நின்று
"இன்னொரு ரோஜு?" என்றாள்.
மறுநாளும் அதே பதினொன்று, அதே படி, அதே பை.
எப்போதும் பையைக் கட்டிக்கொண்டுதான் கேட்பாள்,
இல்லை என்றால் உடனே இறங்கத் தோதாக.

போனுக்கு அவள் தினமும் புது ஆள்.
ஓர் இரவு. ஓர் இரவு. ஓர் இரவு.
சராசரி சரிந்து டைட்டஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

விரல் என்றது பாதி பாதம் ஆனது.
பாதி பாதம், முழங்காலுக்குக் கீழே என்று ஆனது.
அவள் சொன்னதில்லை.
தூக்கில் கஞ்சி குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தேன்.
லாரித் தண்ணீர் வரும் நேரம்
எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருந்தது;
என் குடத்தையும் வரிசையில் போட்டு வைத்தாள்.
பன்னிரண்டாம் நாள் சொன்னேன்:
பையைக் கட்டாதே, வாயால் கேட்டால் போதும்.
அன்றைக்கும் கட்டினாள்.

பதினெட்டாம் இரவு வார்டிலிருந்து திரும்ப
பதினொன்றரை ஆகிவிட்டது.
சுவர் மெலிசு. கட்டில் கிறீச்சிட்டது கேட்டது.
மீன் ஏலத்துக்குப் போகிற வண்டிகள்
தெருவில் தடதடக்கத் தொடங்கிய நேரத்தில்
அவள் போன் அடித்தது.
ஒரே ஒரு "ஆ."
பிறகு சொட்டிக்கொண்டிருந்த குழாயை
இறுக்கி மூடுகிற சத்தம்.

நான் விளக்கைப் போட்டு வெளியே வந்தபோது
படியில் நின்றாள், பையோடு.
இந்த முறை எதுவும் கேட்கவில்லை.
சாவியை என் உள்ளங்கையில் வைத்து
என் விரல்களைத் தானே மூடிவிட்டாள்.
கீழே மீன்வண்டி ஒன்றை நிறுத்தி ஏறினாள்.
ஸ்டான்லி வாசல் வரைக்கும் விட்டிருப்பான்,
காசு வாங்கியிருக்க மாட்டான்.

விடிந்ததும் போன் கேட்டது,
விருந்தினர் வெளியேறிவிட்டாரா, அறை தயாரா என்று.
கல்மண்டபத்திலிருந்து யாரோ அன்றைக்கே கேட்டிருந்தார்கள்.

பதினொரு மணி வரைக்கும் அறை அவளுடையது.
அதுவரை நான் துடைப்பத்தை எடுக்கவில்லை.